அம்மா போன வீட்டில் அக்டோபர் மாதம்

கேள்வி கேட்டவர் எழுதியதை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அம்மாவுக்கு 46 வயதில் மார்பகப் புற்றுநோய் என்று தெரிந்தது. தெரியும்போதே எலும்புக்குப் பரவியிருந்தது. மூன்று வருடம் சிகிச்சை, போன வருடம் இறந்துவிட்டார். அம்மாவின் தங்கைக்கு, அதாவது சித்திக்கு, அதற்கு நடுவில் ஒரு இலவச முகாமில் கட்டியைக் கண்டுபிடித்தார்கள். ஆபரேஷன், கீமோ எல்லாம் முடிந்து இன்றைக்கு நன்றாக இருக்கிறார். அக்டோபர் என்றால் மார்பகப் புற்றுநோய் விழிப்புணர்வு மாதம். இப்போது இவருடைய அலுவலகத்தில் அதற்காக பிங்க் உடை, பிங்க் பலூன், பிங்க் கப்கேக். எச்.ஆர். பெண் வந்து, "உங்க அம்மா கதைய மேடையில சொல்றீங்களா, இன்ஸ்பைரிங்கா இருக்கும்" என்று கேட்டிருக்கிறார். இவருக்கு எரிச்சல் தாங்கவில்லை. சித்தியை நினைத்தால் அந்த எரிச்சல் மேலேயே குற்ற உணர்ச்சி. இந்த மாதிரிப் பிரசாரங்களால் நிஜமாகவே ஏதாவது பயன் உண்டா, என் கோபம் தப்பா, இதுதான் கேள்வி.

ஆனால் நடுவில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். "குளிக்கும்போது கட்டி தட்டுப்பட்டதை அம்மா ஆறு மாதம் கழித்துத்தான் எங்களிடம் சொன்னாள்." கேள்வியை இரண்டு முறை படித்தேன். பலூனும் கப்கேக்கும் அந்த வரியைச் சுற்றித்தான் நிற்கின்றன என்று எனக்குப் பட்டது. அதனால் கேட்டதற்கும் பதில் சொல்கிறேன், கேட்காமல் கேட்டதற்கும் சொல்லப் பார்க்கிறேன்.

நான் டாக்டர் இல்லை. மருத்துவ சமூகப் பணியாளர். தெற்குப் பக்கம் ஒரு புற்றுநோய் மருத்துவமனையில் 19 வருடம். காப்பீட்டு அட்டைக்குக் கையெழுத்து வாங்குவது, கூட வந்தவர்களிடம் பேசுவது, கீமோவுக்கு வராமல் போனவர்களைத் தேடிப் போவது, இதெல்லாம்தான் என் வேலை. வருடத்தில் ஏழெட்டு விழிப்புணர்வு முகாம்களும் நடத்தியிருக்கிறேன். இந்தப் பிரசாரத்தின் அடையாளமான பிங்க் ரிப்பனைக் குத்திக்கொண்டு போட்டோவுக்கு நின்றவள்தான் நானும். அதனால் இதை வெளியே நின்று குறை சொல்கிறவளின் பேச்சாக எடுத்துக்கொள்ள வேண்டாம். மருத்துவ விஷயத்தில் நான் சொல்வது என் கூட வேலை பார்க்கும் டாக்டர்களிடம் கேட்டதும் படித்ததும். உங்களுக்கென்று முடிவெடுக்கும்போது உங்கள் டாக்டர் சொல்வதுதான் கணக்கு.

கோபம் தப்பா என்பதை முதலில் எடுத்துக்கொள்வோம், அது சுலபம். தப்பில்லை. அந்த ரிப்பனே ஒரு கோபத்தில் பிறந்ததுதான். 90களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் கலிஃபோர்னியாவில் சார்லட் ஹேலி என்று ஒரு அம்மாள், 68 வயது. அவருடைய பாட்டி, உடன்பிறந்தவர், மகள், மூன்று பேருக்கும் மார்பகப் புற்றுநோய். பார்த்துப் பார்த்து வெறுத்துப்போய், வீட்டிலேயே உட்கார்ந்து கையால் ரிப்பன் வளையங்கள் செய்தார். பிங்க் இல்லை, பீச் பழ நிறம். ரிப்பன்களோடு ஒரு அட்டையும் வைத்துக் கொடுத்தார். தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் வருட பட்ஜெட் 180 கோடி டாலர், அதில் தடுப்புக்குப் போவது வெறும் 5 சதவீதம், இந்த ரிப்பனை அணிந்து நம் அரசியல்வாதிகளை எழுப்புங்கள் என்பது அதன் சாரம். 1992ல் ஒரு பெண்கள் பத்திரிகையும் எஸ்டீ லாடர் என்ற அழகுசாதனக் கம்பெனியும் அவரிடம் சேர்ந்து செய்யலாம் என்று வந்தார்கள். வியாபாரமாகிவிடும் என்று அவர் மறுத்துவிட்டார். அவர்கள் வக்கீலைக் கேட்டார்கள், நிறத்தை மாற்றிக்கொள்ளுங்கள் என்றார் வக்கீல். அப்படி வந்ததுதான் இந்த பிங்க். அட்டையில் இருந்த கேள்வி போய்விட்டது, ரிப்பன் மட்டும் மிஞ்சியது. 2010ல் கே.எஃப்.சி. பொரித்த கோழியை பிங்க் வாளியில் போட்டு விற்று, வாளிக்கு இத்தனை காசு மார்பகப் புற்றுநோய் அமைப்புக்கு என்று அறிவித்தது வரைக்கும் அந்த ரிப்பன் போயிற்று. அங்கே இதை எதிர்த்துப் பேசியவர்களில் பெரும்பாலோர் நோய் வந்த பெண்களும் அவர்கள் வீட்டாரும்தான். ஆக, உங்கள் எரிச்சலுக்குப் பெரிய பாரம்பரியமே இருக்கிறது.

அக்டோபர் மாதம் என்ற ஏற்பாடும் 1985ல் அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கத்தோடு ஐ.சி.ஐ. கம்பெனியின் மருந்துப் பிரிவு சேர்ந்து தொடங்கியது. டாமோக்சிஃபென் மாத்திரையைக் கொண்டுவந்த கம்பெனி. இதைச் சொன்னதும் சிலர் "பார்த்தீங்களா, எல்லாமே மருந்துக் கம்பெனி வேலை" என்பார்கள். எனக்கு அவ்வளவு தூரம் போக மனசில்லை. ஹார்மோன் வகைக் கட்டி இருக்கிற பெண்கள் ஐந்து வருடம், சிலர் பத்து வருடம் தினம் ஒன்றாகப் போட்டுக்கொள்கிற அந்த மாத்திரை மலிவானது, எத்தனையோ பேரைக் காப்பாற்றியது. உங்கள் சித்தியும் அதைப் போட்டுக்கொண்டிருக்கலாம். யார் தொடங்கினார்கள் என்பதை வைத்து ஒரு விஷயம் நல்லதா கெட்டதா என்று முடிவு கட்ட முடியாது. நம் ஊரிலேயே பாருங்கள், டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தங்கை புற்றுநோயில் இறந்தார். அந்தத் துக்கத்தை விடாமல் பிடித்துக்கொண்டு அவர் பல வருடம் பாடுபட்டதால்தான் 1954ல் அடையாறில் 12 படுக்கைகளோடு புற்றுநோய் மருத்துவமனை வந்தது. பாதிக்கப்பட்ட குடும்பத்தின் கோபம் ஒரு இடத்தில் ஆஸ்பத்திரியாகிறது, இன்னொரு இடத்தில் பிங்க் வாளியாகிறது.

சரி, பயன் உண்டா என்ற கேள்வி. எங்கள் ஓ.பி.யில் ஒரு பெரிய போஸ்டர் இருந்தது. "ஆரம்பத்திலேயே கண்டறிந்தால் முற்றிலும் குணப்படுத்தலாம்." அதற்குக் கீழேதான் பெஞ்ச். அதில் உட்கார்ந்திருப்பவர்கள் பாதிப் பேர் மூன்றாவது ஸ்டேஜ், நாலாவது ஸ்டேஜ். டோக்கன் கூப்பிட இரண்டு மணி நேரம், மூன்று மணி நேரம் ஆகும், அதுவரை அந்த வாசகம் தலைக்கு மேலேயே இருக்கும். ஒரு நாள் ஒரு பெரியவர், மனைவியைக் கூட்டிக்கொண்டு மாதக்கணக்கில் வந்துகொண்டிருந்தவர், என் மேஜைக்கு வந்து மெதுவாகக் கேட்டார். "ஏம்மா, இதைக் கொஞ்சம் எங்க கண்ணுல படாத எடத்துல ஒட்டக் கூடாதா?" அதுவரை நானே தினமும் அதைத் தாண்டித்தான் போய்க்கொண்டிருந்தேன். ஒரு நாள்கூட எனக்குத் தோன்றவில்லை. அடுத்த வாரம் அதைக் கழற்றி மெயின் கேட் பக்கம், நோயாளிகளைப் பார்க்க வருகிறவர்கள் நிற்கிற இடத்தில் ஒட்டினோம். அதே வாசகம், அங்கே சரியாக இருந்தது. பிரசாரம் நோய் வராதவர்களிடம் பேசுவது. நோய் வந்த வீட்டுக்காரர்கள் அதைப் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். உங்கள் சித்திக்கு அது நேரத்துக்கு வந்த தகவல். உங்களுக்கு அதே வாக்கியம் "நீங்க ஏன் முன்னாடியே பாக்கல" என்று கேட்கிறது. இரண்டு பேருக்கும் காதில் விழுந்தது ஒரே வாக்கியம்தான். அதனால்தான் உங்களால் அதை முழுசாக வெறுக்கவும் முடியவில்லை, முழுசாகக் கை தட்டவும் முடியவில்லை.

இனி எது உறுதி, எது அப்படியில்லை என்று பார்ப்போம். முதல் ஸ்டேஜில் வருகிறவருக்கும் நாலாவதில் வருகிறவருக்கும் பிழைக்கிற வாய்ப்பில் மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம், இது உறுதி. இந்தியாவில் 2022ல் சுமார் 1,92,000 பெண்களுக்குப் புதிதாக மார்பகப் புற்றுநோய் வந்திருக்கிறது, சுமார் 98,000 பேர் இறந்திருக்கிறார்கள். இது சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமையின் மதிப்பீடு. உலகம் முழுக்க அதே வருடம் 23 லட்சம் பேருக்கு வந்து 6,70,000 பேர் இறந்தார்கள். விகிதத்தைப் போட்டுப் பாருங்கள், நம் ஊரில் எவ்வளவு தாமதமாக வருகிறார்கள், வந்த பிறகும் எவ்வளவு பேருக்குச் சிகிச்சை முழுசாகக் கிடைப்பதில்லை என்பது அதிலேயே தெரியும். ஆக, சீக்கிரம் வரச்சொல்வது அவசியமான பேச்சு. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

சந்தேகம் வருவது எப்படிச் சீக்கிரம் வரவைப்பது என்பதில். மாதாமாதம் கண்ணாடி முன்னால் நின்று நீங்களே பரிசோதித்துக்கொள்ளுங்கள் என்று படம் போட்டுக் கொடுக்கிறோமே, அதைச் சீனாவில் ஷாங்காயில் துணி ஆலைத் தொழிலாளர்களான 2,66,000 பெண்களிடம் சோதித்துப் பார்த்தார்கள். பாதிப் பேருக்கு நன்றாகச் சொல்லிக்கொடுத்து, திரும்பத் திரும்ப ஞாபகப்படுத்தி, பத்து வருடம் வரை கவனித்தார்கள். 2002ல் முடிவு வந்தது. இரண்டு பிரிவிலும் இறந்தவர்கள் கிட்டத்தட்ட ஒரே அளவுதான். சொல்லிக்கொடுத்த பிரிவில் புற்றில்லாத சாதாரணக் கட்டிகளுக்கு பயாப்ஸி, அதாவது சதைத்துண்டு எடுத்துச் சோதிப்பது, மட்டும்தான் கூடியது. அதற்காக உடம்பைக் கவனிக்காதே என்று அர்த்தமில்லை. உங்கள் மார்பு சாதாரணமாக எப்படி இருக்கும் என்று தெரிந்து வைத்துக்கொண்டு, மாறினால் உடனே காட்டுங்கள் என்றுதான் இன்றைக்குச் சொல்கிறார்கள். இதை நான் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. உங்கள் அம்மா அந்தப் படம் போட்ட நோட்டீஸைப் பார்த்து மாதாமாதம் செய்யாததால்தான் போய்விட்டார் என்று யாராவது சொன்னால், அதற்கு ஆதாரம் கிடையாது.

மேமோகிராம், அதாவது மார்பக எக்ஸ்ரே, வேறு கதை. 2012ல் பிரிட்டனில் ஒரு நிபுணர் குழு எல்லா ஆய்வுகளையும் வைத்துப் பார்த்து, மேமோகிராமுக்கு அழைக்கப்படுகிற பெண்களிடம் மார்பகப் புற்றுநோய் மரணம் சுமார் 20 சதவீதம் குறைகிறது என்றது. கூடவே, தடுக்கப்படும் ஒரு மரணத்துக்கு மூன்று பெண்கள் வீதம், வாழ்நாளில் தொந்தரவே தந்திருக்காத புற்றுக்குச் சிகிச்சை எடுத்துக்கொள்கிறார்கள் என்றும் சொன்னது. நம் ஊர் போஸ்டரில் இரண்டாவது வாக்கியம் வராது. இளம் வயதில் மார்புத் திசு அடர்த்தியாக இருப்பதால் மேமோகிராமில் சரியாகத் தெரியாமல் போவதும் உண்டு, அதனால்தான் 35 வயதுக்காரருக்குக் கட்டி என்றால் அல்ட்ராசவுண்டும் எழுதுவார்கள். இங்கே நோய் மேற்கு நாடுகளைவிடச் சுமார் பத்து வருடம் முன்னதாகவே வருகிறது என்று எல்லா முகாமிலும் சொல்வோம். அது உண்மைதான், ஆனால் அதில் ஒரு பங்கு நம் மக்கள்தொகையே இளசாக இருப்பதால் வருவது. அதைக் கேட்டுப் பயந்துபோய் 24 வயதுப் பெண்கள் முகாமில் வரிசையில் நிற்பதையும் 60 வயது அம்மா "எனக்கெல்லாம் இனிமே எங்க வரப்போகுது" என்று வீட்டில் இருந்துவிடுவதையும் நான் பார்த்திருக்கிறேன். வயது கூடக் கூடத்தான் ஆபத்து கூடுகிறது. போஸ்டரில் சிரிக்கிற பெண்ணுக்கு மட்டும் எப்போதும் 28 வயதுதான்.

நம் நாட்டிலேயே நடந்த, எனக்கு நம்பிக்கை தந்த ஆய்வு ஒன்று உண்டு. மும்பையில் டாடா நினைவு மருத்துவமனை 1998ல் தொடங்கியது. ஒன்றரை லட்சம் பெண்கள். பயிற்சி பெற்ற பெண் சுகாதாரப் பணியாளர்கள் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை போய், நோயைப் பற்றிப் பேசி, கையால் பரிசோதித்தார்கள். மெஷின் எதுவும் இல்லை. 2021ல் முடிவு வெளியானது. மூன்றாவது, நாலாவது ஸ்டேஜில் வருகிறவர்கள் 47 சதவீதத்திலிருந்து 37 ஆகக் குறைந்திருந்தார்கள். மரணம் மொத்தத்தில் 15 சதவீதம் குறைந்தது, ஆனால் அது தற்செயலாகவும் இருக்கலாம் என்று சொல்லக்கூடிய அளவுதான். 50 வயதுக்கு மேற்பட்டவர்களிடம் கிட்டத்தட்ட 30 சதவீதம் குறைந்தது, அது திடமான முடிவு. 50க்குக் கீழே பயன் தெரியவில்லை. எனக்கு இதில் முக்கியமாகப் படுவது, திரும்பத் திரும்பப் போனார்கள் என்பது. ஒரு நாள் கூத்தாக நடத்தவில்லை. 2016ல் மத்திய அரசு போட்ட வழிமுறையிலும் 30 முதல் 65 வயது வரையான பெண்களுக்கு ஐந்து வருடத்துக்கு ஒரு முறை இந்தக் கைப் பரிசோதனைதான் இருக்கிறது. காகிதத்தில் இருக்கிறது. நர்ஸம்மாவுக்குத் தடுப்பூசி, பிரசவம், சர்க்கரை, பிரஷர் எல்லாம் முடிந்து, திரை போட்ட ஒரு அறையும் கிடைத்தால்தான் இது நடக்கும்.

இப்போது அந்த ஆறு மாதம். உங்களிடம் பொய் சொல்ல விரும்பவில்லை. மூன்று மாதத்துக்கு மேல் தாமதித்தவர்களுக்கு, மொத்தமாகக் கூட்டிப் பார்த்தால், பிழைக்கும் வாய்ப்பு குறைகிறது. 1999ல் வந்த, பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த பெரிய தொகுப்பு ஒன்று அதைத்தான் சொல்கிறது. ஆனால் மொத்தம் வேறு, உங்கள் அம்மா வேறு. கைக்குத் தட்டுப்படுகிற கட்டி பெரும்பாலும் வருடக்கணக்கில் உள்ளேயே வளர்ந்திருக்கும். எலும்புக்குப் போனது அந்த ஆறு மாதத்துக்குள்ளா, அதற்கு முன்பேவா என்று எந்த ஸ்கேனும் சொல்லாது. வருடா வருடம் மேமோகிராம் எடுக்கிற பெண்களுக்கே இரண்டு மேமோகிராமுக்கு நடுவில் வேகமாக முளைத்து வருகிற வகைகள் உண்டு. "அன்னைக்கே சொல்லியிருந்தா பொழச்சிருப்பா" என்று துக்கத்துக்கு வந்தவர்கள் சொல்லியிருப்பார்கள், சொல்லாமல் இருந்திருந்தால்தான் ஆச்சரியம். அவர்களுக்கு அது தெரியாது. யாருக்கும் தெரியாது.

ஏன் சொல்லவில்லை என்பதும் உங்களை அரிக்கும். நான் பார்த்த ஒருவரைச் சொல்கிறேன், ஊர் பேர் வேண்டாம். 52 வயது. மார்பில் புண்ணாகி, நாற்றம் வர ஆரம்பித்த பிறகுதான் மகன் கூட்டிவந்தான். காப்பீட்டுக்காக ரேஷன் கார்டு கேட்டேன். பிளாஸ்டிக் உறையிலிருந்து எடுத்தார், கார்டோடு மடித்து வைத்த ஒரு நோட்டீஸும் வந்தது. மார்பகப் புற்றுநோய் அறிகுறிகள், ஐந்து படங்கள், கீழே ரிப்பன். எங்கள் முகாமில் கொடுத்ததா வேறு யாராவது கொடுத்ததா தெரியவில்லை, நாங்கள் அடித்த மாதிரியேதான் இருந்தது. "இது எப்ப வாங்கினீங்கம்மா?" என்றேன். பத்து மாதம் இருக்கும் என்றார். வாங்கின அன்றைக்கே தனக்கு இருப்பது அதுதான் என்று தெரிந்துவிட்டதாம். மகளுக்கு ஏழாவது மாதம், வளைகாப்பு வைத்திருந்தார்கள், அப்புறம் பிரசவம், அப்புறம் பேரனுக்கு மூன்று மாதமாகட்டும் என்று. "சொன்னா எல்லாத்தையும் நிறுத்திருவாங்க. வலியும் இல்ல, அதான்." கத்தி பட்டால் பரவிவிடும் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்களாம், அதுவும் ஒரு பயம். இந்த அம்மாவுக்கு விழிப்புணர்வு இல்லை என்று சொல்ல முடியுமா? முழு விழிப்புணர்வோடு பத்து மாதம் இருந்திருக்கிறார். நோட்டீஸுக்கு அடுத்த படி யாரும் போட்டு வைக்கவில்லை. ஆஸ்பத்திரிக்கு யார் கூட வருவார்கள், அன்றைய கூலி போனால் யார் தருவார்கள், டெஸ்ட்டுக்கு எவ்வளவு ஆகும், மூன்று நாள் வீட்டில் சோறு யார் பொங்குவார்கள். நோட்டீஸில் ஒரு போன் நம்பர்கூட இல்லை. வெட்கமாக இருந்தது எனக்கு.

அதற்கப்புறம்தான் எங்கள் முகாம்களில் கட்டி இருப்பதாகத் தெரிந்தவரின் போன் நம்பரை நாங்கள் வாங்க ஆரம்பித்தோம். கூடவே பக்கத்தில் நிற்கிற ஆளின் நம்பரையும். பத்து நாளில் வராவிட்டால் நாங்களே கூப்பிடுவோம். உங்கள் சித்திக்கு முகாமில் கட்டி தெரிந்து, அவர் பயாப்ஸிக்குப் போய், ஆபரேஷன் வரை போனார் என்றால், நடுவில் யாரோ ஒருவர் இப்படித் துரத்தியிருப்பார். கேட்டுப் பாருங்கள். அக்கா பட்ட பாட்டைப் பார்த்ததும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம். அப்படியானால் சித்தியை முகாமுக்கு அனுப்பியதில் உங்கள் அம்மாவுக்கும் பங்கு இருக்கிறது.

பிரசாரத்தின் மேல் எனக்கே தீராத மனத்தாங்கல் ஒன்று உண்டு. அது நாலாவது ஸ்டேஜ் குடும்பங்களைப் பற்றியது. "கேன்சரை ஜெயித்தவர்கள்" என்று மேடையில் சால்வை போர்த்துவோம். ஒரு வருடம் அப்படி ஒரு கூட்டம் முடிந்து நாற்காலி மடக்கிக்கொண்டிருந்தபோது, அம்மா இறந்து இரண்டு மாதமே ஆன ஒரு பையன், பத்தாவதோ பதினொன்றாவதோ படிப்பவன், என்னிடம் கேட்டான். "அப்ப எங்கம்மா தோத்துட்டாங்களா மேடம்?" எனக்குப் பதில் வரவில்லை. எத்தனை ஊசி, எத்தனை கரண்ட் வைத்தார்கள், தேர்வு நாளில் எழுந்து அவனுக்கு இட்லி அவித்துக் கொடுத்தார், எல்லாம் எனக்குத் தெரியும். அன்றிலிருந்து போராட்டம், வெற்றி, வீராங்கனை போன்ற வார்த்தைகளை நான் மைக்கில் பேசுவதில்லை. அமெரிக்காவில் அக்டோபர் 13ஆம் தேதியைப் பரவிய நிலையில் உள்ளவர்களுக்கான நாளாக ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். முப்பத்தோரு நாளில் ஒரு நாள். நம் ஊர் விழாக்களில் அதுவும் காதில் விழுவதில்லை.

பிங்க் பலூனில் அடங்காதது இன்னும் எவ்வளவோ. அக்குளில் நெறிக்கட்டி எடுத்தபின் வருகிற கைவீக்கம், அந்தக் கையால் குடம் தூக்க முடியாதது. எங்களிடம் வந்த ஒரு தையல்கார அம்மா, மார்பை எடுத்த இடத்தில் ஜாக்கெட்டுக்குள் பஞ்சு வைத்தால் கனமில்லாமல் மேலே மேலே ஏறி வருகிறது என்று, கேழ்வரகைத் துணிப்பையில் போட்டுத் தைத்து வைத்துக்கொண்டார். மழைக்காலத்தில் ஈரம் ஏறுகிறது என்று மாதம் ஒரு முறை பிரித்து வெயிலில் காய வைப்பாராம். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். மற்றவர்களுக்கும் தைத்துக் கொடுத்தார், ஆளுக்கு ஆள் எடை போட்டு. எந்த ரிப்பனும் எங்கள் நோயாளிகளுக்குச் செய்யாத உபகாரம் அது.

எச்.ஆர். கேட்டதற்கு என்ன சொல்வது? முடியாது என்று சொல்லலாம், காரணம் சொல்லத் தேவையில்லை. அவர் கெட்ட எண்ணத்தில் கேட்டிருக்க மாட்டார், ஆனாலும் உங்கள் அம்மாவின் சாவு யாருக்கும் இன்ஸ்பிரேஷனாக ஆக வேண்டியதில்லை. பேசத் தோன்றினால் பேசுங்கள், சும்மா பேசாதீர்கள், பேரம் பேசுங்கள். பலூன் காசுக்கு ஒரு பெண் டாக்டரையோ நர்ஸையோ ஒரு நாள் கூட்டிவந்து, கதவு சாத்திய அறையில் பரிசோதிக்கச் சொல்லுங்கள். டெஸ்ட்டுக்குப் போகிறவருக்குச் சம்பளம் பிடிக்காத அரை நாள் விடுப்பு கேளுங்கள். ஹவுஸ்கீப்பிங் அக்காக்களையும் கேண்டீன் அம்மாக்களையும் முதலில் கூப்பிடச் சொல்லுங்கள். நான் போன ஒரு கம்பெனியில் ஸ்லைடு போட்டு ஒரு மணி நேரம் பேசினேன். ஏ.சி. ஹாலில் உட்கார்ந்திருந்தவர்கள் பெரும்பாலும் முப்பது வயதுக்குள். 55 வயது மதிக்கத்தக்க இரண்டு பேர் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள், நடுவிலேயே அவர்களை டீ கொண்டுவர அனுப்பிவிட்டார்கள். யாருக்காக நான் போனேனோ அவர்கள் பாதியில் வெளியே போய்விட்டார்கள்.

கடைசியாக, நீங்கள் போகிற போக்கில் எழுதிவிட்ட ஒன்று. அம்மாவுக்கு 46ல், அம்மாவின் தங்கைக்கும் அதே நோய். எனக்கு பிங்க் விஷயத்தைவிட இதுதான் கண்ணில் பட்டது. மார்பகப் புற்றுநோயில் பரம்பரையாக வருவது 5 முதல் 10 சதவீதம்தான், அதனால் உங்களுக்கு வரும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஒரே வழியில் இரண்டு பேர், அதில் ஒருவர் 50க்குக் கீழே என்றால், மரபணு ஆலோசனைக்குப் போக வேண்டிய குடும்பம் உங்களுடையது. பி.ஆர்.சி.ஏ. மாதிரி மரபணுக்களில் மாற்றம் இருக்கிறதா என்று பார்க்கும் ரத்தப் பரிசோதனை உண்டு. முடிந்தால் அதை நோய் வந்தவரிடமிருந்துதான் தொடங்குவார்கள், அதாவது சித்தி. அவருக்கு மாற்றம் இருந்தால், அதே ஒன்றை மட்டும் உங்களிடம் தேடினால் போதும். உங்கள் தம்பியையும் சேர்த்துக்கொள்ளுங்கள், ஆண்களுக்கும் அந்த மாற்றம் வரும், அவர்கள் வழியாகப் பிள்ளைகளுக்கும் போகும், அபூர்வமாக ஆண்களுக்கே மார்பகப் புற்றுநோயும் வரும். சித்தியின் பரிசோதனையில் மாற்றம் ஒன்றும் இல்லை என்று வந்தாலும், இப்படிப்பட்ட குடும்பத்துப் பெண்களுக்கு, வீட்டில் இளம் வயதில் யாருக்கு வந்ததோ அதற்குப் பத்து வருடம் முன்பே கண்காணிப்பைத் தொடங்கச் சொல்வது டாக்டர்களின் வழக்கம். உங்கள் கணக்கில் 36. எந்த ஸ்கேன், எத்தனை மாதத்துக்கு ஒரு முறை என்பதை அவர்கள்தான் சொல்ல வேண்டும்.

போகும்போது அம்மாவின் ஃபைலை எடுத்துப் போங்கள். பயாப்ஸி ரிப்போர்ட்டில் ஈ.ஆர்., பி.ஆர்., ஹெர்-2 என்று கட்டி எந்த வகை என்பதைச் சொல்கிற மூன்று வரி இருக்கும், அதைத்தான் முதலில் கேட்பார்கள். பெரும்பாலான வீடுகளில் அந்த ஃபைலைத் தூக்கிப் போடவும் மனசு வராது, பிரிக்கவும் மனசு வராது, பீரோவில் புடவைக்கு அடியில் கிடக்கும். தனியாகப் பிரிக்க வேண்டாம், சித்தியைக் கூப்பிட்டு வைத்துக்கொண்டு பிரியுங்கள்.